கை தட்டுகிறவனுக்கு எலும்பு உடையாது

2025 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சலூன் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெஞ்சில் நாலு பேர். நாலு பேர் கையிலும் செல்போன். அதில் ஒரு பையன் திடீரென்று "தலைவா!" என்று கத்தினான். என் கழுத்தில் சவரக்கத்தி வைத்திருந்த கடைக்காரர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நிறுத்திவிட்டுத் திரும்பியது என் அதிர்ஷ்டம்.

லாஸ் வேகாஸில் அப்போதுதான் ஒரு குத்துச்சண்டை முடிந்திருந்தது. அங்கே சனிக்கிழமை ராத்திரி. டெரன்ஸ் க்ராஃபோர்ட் என்ற அமெரிக்கர், கனேலோ அல்வாரெஸ் என்ற மெக்சிகோக்காரரைப் புள்ளிக்கணக்கில் ஜெயித்துவிட்டார். இதில் என்ன விசேஷம் என்றால், க்ராஃபோர்ட் அதற்கு முந்தைய சண்டையை 154 பவுண்டு பிரிவில் போட்டவர். கனேலோவோ 168 பவுண்டு பிரிவின் ராஜா. நடுவில் ஒரு பிரிவையே தாண்டிக் குதித்துப் போய் மோதியிருக்கிறார். வயதும் 37.

"பாத்தீங்களா சார், பெரிய ஆளைத் தேடிப் போய் அடிச்சிருக்கான். இவன்தான் சார் வீரன். மேவெதரெல்லாம் பயந்தாங்கொள்ளி. சுலபமான ஆளாப் பாத்துப் பொறுக்கி எடுத்து சண்டை போட்டவன்" என்றான் பையன்.

பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவனால் யாரோடும் விவாதம் பண்ண முடியாது. அதனால் இங்கே பண்ணுகிறேன்.

தம்பி, க்ராஃபோர்ட் அபாரமான ஆட்டக்காரர் என்பதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. அன்றைக்கு அவர் கால் நகர்ந்த விதத்தையும், இடது கை வேலை செய்த விதத்தையும் நாள் பூரா பாராட்டலாம். ஆனால் நீ அதைப் பாராட்டவில்லை. தன்னைவிட பெரிய ஆளோடு மோத முன்வந்தான் பார், அதைப் பாராட்டுகிறாய். எனக்கு ஆட்சேபணை அங்கேதான். பலமான எதிரியை ஏற்றுக்கொண்டான் என்பதற்காக மட்டும் ஒரு குத்துச்சண்டைக்காரருக்குக் கை தட்டக் கூடாது. அந்தக் கைதட்டல் ஒன்று அநாவசியம், இல்லாவிட்டால் ஆபத்து.

முதலில் அநாவசியத்தைப் பார்க்கலாம்.

* * *

ஒருவர் உலக சாம்பியன். அவருக்கு அடுத்த இடத்தில் ஒருவர் இருக்கிறார். வரிசையில் நின்று, வந்தவர்களையெல்லாம் அடித்து, முன்னால் வந்திருக்கிறார். சாம்பியன் அவரோடு மோத வேண்டும். இது வீரமா? இல்லை சார், கடன். பஸ் டிரைவர் ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தினால் மாலை போடுவோமா? நிறுத்தாமல் போனால்தான் திட்டுவோம்.

குத்துச்சண்டையின் சரித்திரத்தைப் புரட்டினால், நிறுத்தாமல் போன பஸ்கள்தான் நிறைய. 1908ல் சிட்னி நகரத்தில் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் முதன்முதலாக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். வெள்ளைக்கார உலகம் கொதித்துப் போனது. 1915ல் ஹவானாவில் அவர் தோற்றார். அதற்கப்புறம் ஜோ லூயிஸ் 1937ல் ஜெயிக்கிற வரைக்கும், 22 வருஷம், ஒரு கறுப்பருக்குக்கூட அந்தப் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பைத் தரவில்லை. இடையில் 1919லிருந்து 1926 வரை சாம்பியனாக இருந்தவர் ஜாக் டெம்ப்ஸி. அவருக்கு எதிரே ஹாரி வில்ஸ் என்ற கறுப்பர் வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தம்கூட கையெழுத்தானது. சண்டை மட்டும் நடக்கவில்லை. வில்ஸுக்கு வயதாகிவிட்டது. கதை முடிந்தது.

இதில் இன்னொரு கசப்பும் உண்டு. வெள்ளைக்காரர்கள் ஒதுக்கியதால் அவதிப்பட்ட அதே ஜாக் ஜான்சன், தான் சாம்பியனான பிறகு சாம் லாங்ஃபோர்ட் என்ற பிரமாதமான கறுப்பு ஆட்டக்காரருக்குப் பட்டத்துக்கான வாய்ப்பே தரவில்லை. வெள்ளைக்காரர்களோடு மோதினால் பணம் அதிகம், அபாயம் குறைவு. நாற்காலியில் உட்கார்ந்தவுடன் நாற்காலியின் குணம் வந்துவிடுகிறது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். ரிடிக் போவை நினைவிருக்கிறதா? 1988 சோல் ஒலிம்பிக்ஸ் சூப்பர் ஹெவிவெயிட் இறுதிப் போட்டியில் அவரைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர் லெனாக்ஸ் லூயிஸ். 1992ல் போவ் தொழில்முறை உலக சாம்பியன் ஆனார். அடுத்து மோத வேண்டியவர் அதே லூயிஸ். போவ் என்ன செய்தார்? அந்த டிசம்பரில் லண்டனில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, டபிள்யூ.பி.சி. பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். நிஜமான குப்பைத்தொட்டி. இருவரும் தொழில்முறையில் கடைசிவரை மோதவே இல்லை.

இப்போது மேவெதர். அவருக்கும் மேனி பாக்கியாவோவுக்கும் சண்டை வைக்கலாம் என்று 2009ல் பேச்சு ஆரம்பித்தது. ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு எப்போது ரத்தம் எடுப்பது என்று தகராறு. நடத்துகிற கம்பெனிகளுக்குள் தகராறு. தப்பு யார் மேல் என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் 2015 மே 2 அன்று நடந்தபோது மேவெதருக்கு 38, பாக்கியாவோவுக்கு 36. அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் பேர் வீட்டிலிருந்து பார்க்கக் காசு கட்டினார்கள். ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 100 டாலர். மேவெதர் வழக்கம்போல நழுவி, விலகி, புள்ளிகளில் ஜெயித்தார். பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஊசிப்போன சாப்பாட்டுக்கு நட்சத்திர ஓட்டல் பில். அப்புறம் 2017ல், தொழில்முறைக் குத்துச்சண்டை ஒன்றுகூட ஆடியிராத கானர் மெக்ரிகரோடு மோதித் தன் கணக்கை 50க்கு 50 ஆக்கிக்கொண்டார்.

ஆகவே தம்பி, மேவெதரைத் திட்டு. வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் காரணத்தைச் சரியாகச் சொல்லித் திட்டு. அவர் பயந்தாங்கொள்ளி இல்லை. ரிங்கில் ஏறுகிற எவனும் பயந்தாங்கொள்ளி இல்லை. கடனைக் காலத்தில் அடைக்கவில்லை, அவ்வளவுதான். கடனை அடைக்காதவனைத் திட்டலாம். அதற்காக அடைத்தவனுக்குப் பொன்னாடை போர்த்துவதா? கடமையைச் செய்ததற்கே கைதட்டல் என்று ஆகிவிட்டால், கடமையைச் செய்யாமல் இருப்பது இயல்பு என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

* * *

இனி ஆபத்துக்கு வருகிறேன்.

குத்துச்சண்டையில் எடைப் பிரிவுகள் ஏன் வந்தன? அழகுக்கா? இல்லை. ஆறு கிலோ கூடுதலாக இருப்பவன் குத்துவது வேறு குத்து. வாங்குகிற மண்டை ஓடு அதே மண்டை ஓடுதான். இதை அனுபவத்தில் தெரிந்துகொண்டவர்கள் போட்ட வேலி அது. அந்த வேலியைத் தாண்டுகிறவனைப் பார்த்து "ஆஹா, வீரன்" என்று நாம் சொல்கிறோம்.

கெல் ப்ரூக் என்று ஒரு ஆங்கிலேயர். ஷெஃபீல்டுக்காரர். 147 பவுண்டு பிரிவில் சாம்பியன். 2016 செப்டம்பர் 10 அன்று லண்டனில் 160 பவுண்டு சாம்பியனான கென்னடி கோலோவ்கினோடு மோதப் போனார். கஜகஸ்தான்காரரான கோலோவ்கின் அப்போது வந்தவனையெல்லாம் சாய்த்துக்கொண்டிருந்தார். அவர் எடைப் பிரிவிலேயே பலர் அவரைக் கண்டு ஒதுங்கினார்கள். ப்ரூக் ஒதுங்கவில்லை. இங்கிலாந்தே கை தட்டியது. ஆரம்ப ரவுண்டுகளில் ப்ரூக் நன்றாகவும் ஆடினார். ஆனால் வலது கண்குழி எலும்பு உடைந்துவிட்டது. ஐந்தாவது ரவுண்டில் அவருடைய பயிற்சியாளர் டொமினிக் இங்கிள் துண்டை வீசிச் சண்டையை நிறுத்தினார்.

கதை அதோடு முடியவில்லை. எட்டு மாதம் கழித்து, 2017 மே மாதம், சொந்த எடையில், சொந்த ஊரில், எரல் ஸ்பென்ஸ் என்ற அமெரிக்கரோடு மோதினார். இந்தத் தடவை இடது கண்குழி உடைந்தது. 11வது ரவுண்டில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். பட்டம் போனது. உட்கார்ந்ததற்காக, "பாதியில் விட்டுவிட்டான்" என்று பேசியவர்களும் உண்டு. இரண்டு கண்குழியும் உடைந்தவனைப் பார்த்து, இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறவர்கள் சொன்னது.

அதே 2016 மே மாதம் அமீர் கான் என்ற இன்னொரு பிரிட்டிஷ்காரர், எடை கூட்டிக்கொண்டு போய் கனேலோவோடு மோதினார். ஆறாவது ரவுண்டில் ஒரே ஒரு வலது குத்து. மல்லாந்து விழுந்தார். ஜெயித்த கனேலோவே பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

க்ராஃபோர்ட் ஜெயித்ததால் உனக்கு அவர் முகம் ஞாபகம் இருக்கிறது தம்பி. தோற்றவர்களின் எக்ஸ்-ரே யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

பாக்கியாவோ ஜெயிக்கவில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 112 பவுண்டில் முதல் பட்டம் வாங்கியவர், எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வாங்கினார். 2008ல் தன்னைவிட மிகப் பெரிய உருவமான ஆஸ்கர் டி லா ஹோயாவை எட்டு ரவுண்டில் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க முடியாமல் அடித்தார். ஆனால் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். டி லா ஹோயா அந்தச் சண்டைக்காக, பல வருஷமாக ஆடாத எடைக்கு உடம்பை வற்றடித்துக்கொண்டு வந்திருந்தார். அதை முன்கூட்டியே கணக்குப் போட்டவர் பாக்கியாவோவின் கோச் ஃப்ரெடி ரோச். வெளியே நமக்குத் தெரிந்தது வீரம். உள்ளே இருந்தது கணக்கு. பாராட்டவேண்டுமானால் கணக்கைப் பாராட்டுங்கள். கணக்குத் தெரியாத பையன்கள் வீரத்தை மட்டும் காப்பியடிக்கிறார்கள்.

* * *

"இஷ்டப்பட்டுத்தானே சார் ஏறுறாங்க? காசும் வாங்கறாங்க" என்று சொல்வீர்கள்.

இஷ்டம் என்பது என்ன என்று ராபர்ட்டோ டுரானைக் கேட்க வேண்டும். பனாமாவின் சேரியில் பிறந்தவர். 135 பவுண்டில் முதல் உலகப் பட்டம் வாங்கி மேலே மேலே பெரிய ஆட்களைத் தேடிப் போனவர். 1980 ஜூனில் சுகர் ரே லெனார்டைத் தோற்கடித்தார். பனாமாவே தலையில் தூக்கி வைத்து ஆடியது. அதே வருஷம் நவம்பரில் மறுபடி லெனார்டோடு மோதியபோது, எட்டாவது ரவுண்டில் கையை அசைத்து, போதும் என்று திரும்பிவிட்டார். தூக்கி வைத்து ஆடிய அதே ஊர் காறித் துப்பியது. அத்தனை வருஷ வீரமும் ஒரே நிமிஷத்தில் ரத்து. அந்த அவமானத்தைத் துடைக்க அவர் பிறகு வருஷக்கணக்காகச் சண்டை போட வேண்டியிருந்தது.

நம் கைதட்டல் லேசுப்பட்டதில்லை. அது ஒரு கயிறு. முன்னால் போனால் மாலை, பின்னால் வந்தால் செருப்பு என்று சொல்லி ஒருவனை நிறுத்தினால், அவன் முன்னால் போவது எப்படி இஷ்டம் ஆகும்?

1982 நவம்பர் 13. லாஸ் வேகாஸ். கொரியாவின் கிம் டுக் கூ, அமெரிக்க சாம்பியன் ரே மான்சினியோடு மோதினார். ரவுண்டுக்கு ரவுண்டு பின்வாங்காமல் நின்று அடி வாங்கினார். 14வது ரவுண்டில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. சில நாட்களில் இறந்துபோனார். கொஞ்ச காலத்தில் அவருடைய தாயார் தற்கொலை செய்துகொண்டார். அந்தச் சண்டையின் ரெஃப்ரியும் அடுத்த வருஷம் தற்கொலை செய்துகொண்டார். அதற்கப்புறம்தான் 15 ரவுண்டுகளை 12 ஆகக் குறைத்தார்கள். மூன்று ரவுண்டு குறைய ஒரு உயிர் வேண்டியிருந்தது. அன்று அரங்கத்தில் இருந்தவர்கள் நிச்சயம் கிம்முக்காகவும் கை தட்டியிருப்பார்கள். "என்னமா நிக்கிறான் பாரு!"

* * *

முகம்மது அலியைத் தொடாமல் குத்துச்சண்டைக் கட்டுரை எழுதினால் நீங்கள் விடமாட்டீர்கள்.

1974 அக்டோபர் 30. ஆப்பிரிக்காவில், அப்போது ஜயர் என்று பெயர் வைத்திருந்த நாட்டின் கின்ஷாஸா நகரம். அலிக்கு 32 வயது. எதிரே ஜார்ஜ் ஃபோர்மன், 25 வயது, ஆடிய 40 சண்டையிலும் ஜெயித்தவர். அலியைத் தோற்கடித்திருந்த ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் இரண்டிரண்டு ரவுண்டில் காலி பண்ணியவர். அலி கயிற்றில் சாய்ந்து அடி வாங்கி, ஃபோர்மனைக் களைக்க வைத்து, எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். உலகம் கை தட்டியது. நானும்தான் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்துக் கை தட்டியிருக்கிறேன்.

அந்தக் கைதட்டல்தான் அலியை இறங்கவே விடவில்லை. 1977ல் எர்னி ஷேவர்ஸ் என்ற இடிமாதிரி குத்துகிறவரோடு 15 ரவுண்டு. இதற்கு மேல் ஆடினால் உடம்பு தாங்காது என்று சொல்லிப் பார்த்த அவருடைய டாக்டர் ஃபெர்டி பச்சேகோ, கேட்காததால் விலகிக்கொண்டார். 1980ல் அலி நம் சென்னைக்கே வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை. யாருக்கும் அடிபடவில்லை, எல்லாருக்கும் சந்தோஷம். அப்படியே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதே வருஷம் அக்டோபர் 2 அன்று, 38 வயதில், லாரி ஹோம்ஸ் முன்னால் போய் நின்றார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சித் துணையாக அடி வாங்கியவர். பத்து ரவுண்டு. அலியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார்.

1984ல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் அறிகுறிகள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். வாங்கிய குத்துகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று மருத்துவர்களிடையே விவாதம் இருக்கிறது. ஆனால் 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக் சுடரைப் பிடித்தபோது அந்தக் கை நடுங்கியதைப் பார்த்தோமே, அதில் விவாதம் இல்லை. அப்போதும் கை தட்டினோம்.

அலியைப் பாராட்டக் கூடாதா? தாராளமாகப் பாராட்டலாம். அவர் மோதியதிலேயே பலமான எதிரி ஃபோர்மன் இல்லை, அமெரிக்க அரசாங்கம். 1967ல் வியட்நாம் யுத்தத்துக்குப் போகமாட்டேன் என்றார். பட்டத்தைப் பறித்தார்கள், தண்டனை கொடுத்தார்கள், மூன்றரை வருஷம் ரிங்கில் ஏறவிடவில்லை. 1971ல்தான் சுப்ரீம் கோர்ட் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அந்தச் சண்டையில் பரிசுப் பணம் கிடையாது, டி.வி. உரிமை கிடையாது, கை தட்ட ஆளும் அதிகம் கிடையாது. பலமான எதிரியோடு மோதியதற்காகப் பாராட்டு என்றால், அங்கே கொடுங்கள்.

* * *

ரிங்குக்கு உள்ளே யாரைப் பாராட்டுவது? இரண்டு பேரைச் சொல்கிறேன்.

1975 அக்டோபர் 1, மணிலா. அலியும் ஜோ ஃப்ரேசியரும் மூன்றாவது தடவை மோதினார்கள். 14 ரவுண்டு முடிந்தபோது ஃப்ரேசியருக்குக் கண் தெரியவில்லை. முகம் வீங்கிக் கண்ணை மூடிவிட்டது. இன்னும் ஒரே ஒரு ரவுண்டு, மூன்று நிமிஷம். ஃப்ரேசியர் போகிறேன் என்கிறார். எதிர் மூலையில் அலியும் செத்த பிணம் மாதிரிதான் கிடந்தார். போயிருந்தால் ஜெயித்துக்கூட இருக்கலாம். ஃப்ரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரை எழுந்திருக்க விடவில்லை. சண்டை முடிந்தது என்று சொல்லிவிட்டார். வாழ்நாள் பூரா 'ஏன் நிறுத்தினாய்' என்ற கேள்வி வரும் என்று தெரிந்தே சொன்னார்.

இன்னொருவர் பாக்கியாவோ. எடையில் பெரியவரோடு மோதியதற்காக இல்லை. 2010 நவம்பரில் டெக்சாஸில் ஆன்டோனியோ மார்கரிட்டோவை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி ரவுண்டுகளில் குத்துவதை நிறுத்தி ரெஃப்ரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நிறுத்துங்களேன் என்று கேட்கிற பார்வை. ரெஃப்ரி நிறுத்தவில்லை. மார்கரிட்டோவின் கண்குழி உடைந்திருந்தது. கூட்டம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அடிக்கிறவன் போதும் என்றான். அதற்குத்தான் நான் எழுந்து நின்று கை தட்டுவேன்.

கடனை அடைத்தவனுக்குக் கைதட்டல் வேண்டாம், அடைக்காதவனைக் கேள்வி கேட்டால் போதும். வேலியைத் தாண்டுகிறவனுக்குக் கைதட்டல் கூடவே கூடாது. திறமைக்குத் தட்டலாம். போதும் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு இரண்டு மடங்கு தட்டலாம்.

க்ராஃபோர்ட் கனேலோவை ஜெயித்து ஏறக்குறைய மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, 2025 டிசம்பரில் ஓய்வு பெறுகிறேன் என்று அறிவித்தார். ஆடிய 42 சண்டையிலும் தோல்வி இல்லை. சொந்தக் காலில், தெளிவான கண்ணோடு, தானே இறங்கிப் போகிறார்.

அடுத்த தடவை சலூனுக்குப் போனபோது அந்தப் பையன் இருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆமா சார். கேட்டேன். இன்னும் ரெண்டு பெரிய ஆளோட மோதியிருக்கலாம். பயந்துட்டான்" என்றான்.